வெள்ளையனைக் கூட்டிவரப் புதூர்நாடு போனேன்

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கிரஷர் பழுதாகி, குவாரிக்கு லீவு விட்டார்கள். கிடைத்த லீவில் தூங்காமல் ஜவ்வாது மலைக்குக் கிளம்பியதற்குப் பலாப்பழமோ குளிர்காற்றோ காரணமில்லை. வெள்ளையன் என்று ஒருவன்தான் காரணம். "அம்மாவுக்கு முடியலண்ணா, போய்ட்டு வந்துர்றேன்" என்று கார்த்திகையில் ஊருக்குப் போனவன், அதற்குப் பிறகு வரவே இல்லை. போன் முழுசாக அடித்து ஓய்கிறது, எடுப்பதில்லை. என்னை இப்படி அம்போவென்று விட்டுப்போனவனை நேரில் பார்த்து நாலு திட்டு திட்டி, கையோடு கூட்டி வந்துவிடுவது என்று திட்டம்.

இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஜல்லிக் குவாரியில் நான் பிளாஸ்டர், அதாவது பாறைக்கு வெடி வைப்பவன். இடையில் இரண்டு பழைய பாலங்களையும் ஒரு மேல்நிலைத் தொட்டியையும் தரைமட்டமாக்கிய பெருமையும் உண்டு. வாரமெல்லாம் மலையை உடைத்துவிட்டு, லீவு நாளில் உடைக்காத மலையைப் பார்க்கப் போகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று என் மனைவி கேலி செய்வாள்.

வெள்ளையன் என் கூட்டாளி. அவன் வேலை என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய பாறையைப் பெயர்த்த பிறகு மிஞ்சுகிற குண்டுக்கற்களுக்கு எங்கள் குவாரியில் அப்போது திரிவெடிதான். குழிகளுக்கு வரிசையாகத் தீ வைத்துவிட்டு, மறைவுக்கு ஓடிவந்து, ஒவ்வொரு சத்தமாக எண்ண வேண்டும். பன்னிரண்டு குழிக்குப் பதினொரு சத்தம் கேட்டால், ஒரு குழி வெடிக்காமல் உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். உயிர்க்குழிக்குப் பக்கத்தில் போகிறவன் திரும்பி வந்தால் அது அவன் வீட்டார் செய்த புண்ணியம். அதனால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவோம். கணக்கு ஒத்துப்போனால் இறங்குவோம், இல்லாவிட்டால் உட்கார்ந்து காத்திருப்போம். இளையவன்தான் தன் எண்ணை முதலில் சொல்ல வேண்டும். பெரியவன் சொன்னதைக் கேட்டு ஆமாம் சாமி போட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. என்னுடன் எண்ணிய ஆறு வருஷத்தில் வெள்ளையன் கணக்கு பிசகியது ஒரே ஒரு தடவைதான். அவன் இடத்தில் இப்போது முதலாளியின் மைத்துனர் நிற்கிறார். அவருக்குத் தும்மல் வந்தால் ஒரு வெடி குறைந்துவிடும்.

காலை 5.40-க்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி ஏழு மணிக்குத் திருப்பத்தூரில் இறங்கினேன். இட்லியில் ஆசை வைத்துப் புதூர்நாடு பஸ்ஸைக் கண்ணெதிரே கோட்டை விட்டேன். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஷேர் ஜீப்பில் ஏறினேன். தலைக்கு அறுபது ரூபாய். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. முன் சீட் கிடைத்தால் விடாதீர்கள்.

மலைப்பாதையில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்து போட்டோ எடுப்பார்கள். எனக்கு எதிர்ப்பக்கத்துப் பாறைச் சுவரில்தான் கண் போகும். சாலை போடும்போது துளையிட்ட தடங்கள் பாதிக் குழாய்களாக அதில் தெரியும். தடம் நேராக இருந்தால் வெடி வைத்தவன் நிதானக்காரன். சிதறிக் கிடந்தால் அன்றைக்கு அவசரம், அல்லது மழை.

"இன்னா சார், எல்லாரும் அந்தாண்ட பாக்குறாங்க, நீங்க கல்ல பாத்துனு வர்றீங்க?" என்றார் டிரைவர்.

"கல்லுதாங்க நமக்குச் சோறு" என்றேன். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, இறங்கும் வரை பேசிக்கொண்டே வந்தார். மூன்று மணிக்குத் தன் வண்டிதான் கீழே போகிறது என்றார், இரண்டு சீட் வைத்திருங்கள் என்று அவரிடமே சொல்லியும் வைத்தேன். எனக்கு ஒன்று, வெள்ளையனுக்கு ஒன்று.

புதூர்நாட்டில் இறங்கும்போது மணி ஒன்பது. அங்கிருந்து அவன் ஊருக்கு நான்கு கிலோமீட்டர் நடை. முதல் இரண்டு தார் ரோடு, அப்புறம் மண் பாதை. இந்த மாதத்தில் வழி முழுக்கப் பலா வாசனை அடிக்கிறது. ஏற்றம் அதிகமில்லை, ஆனால் குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும், நடுவில் கடை கிடையாது.

ஊர் முனையிலேயே அவனைப் பார்த்துவிட்டேன். சாமைக் கொல்லையில் முதுகைக் காட்டிக் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தான். வரப்பில் நின்று, "டேய் வெள்ளையா!" என்று கத்தினேன். என் தொண்டைக்குக் குவாரியின் அந்தக் கோடியில் இருக்கிறவன் திரும்புவான். இவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். இவ்வளவு தூரம் வந்தவனிடம் முகத்தைக்கூடக் காட்டமாட்டாயா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கொல்லையை ஒட்டியிருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் மனைவி பச்சையம்மா. முன்பு ஒரு தடவை குவாரிக்கு வந்திருக்கிறாள்.

"அங்கேர்ந்து கூப்ட்டா அவருக்கு இன்னாங்கண்ணா தெரியும்? முன்னாடி போய் நில்லுங்க."

"ஏம்மா, என்மேல கோவமா அவனுக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதுங்களா? ஒண்ர வருசமா அவருக்குக் காது கேக்கறதில்லையே. கூட நின்னு எண்றவங்க, தெரியாம இருக்குமான்னு நெனச்சினு இருந்தேன்."

"எண்ணினானேம்மா. சரியாத்தானே சொன்னான்?"

"எண்றப்ப நீங்க வெரல மடக்குவீங்களாமே. அதப் பாத்துதான் சொல்வாராம்."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். விரல் மடக்குவது எனக்கே தெரியாத பழக்கம். அவன் முதலில் சொல்வான், நான் பிறகு சொல்வேன், இரண்டும் ஒத்துப்போகும், தைரியமாக இறங்குவோம். கிட்டத்தட்ட ஒரு வருஷம் எங்களிடம் இருந்தது ஒரே கணக்கு. நான் ஒரு சத்தத்தைக் கூட்டி எண்ணியிருந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான், இரண்டு பேரும் சேர்ந்தே போயிருப்போம். கூட வேலை செய்கிறவன் செவிடு என்பது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். குவாரியில் எல்லோரும் கத்துவோம், எல்லோரும் சைகை காட்டுவோம், எல்லோரும் "ஆங்?" என்போம். அந்தக் கூட்டத்தில் செவிடனைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது.

கார்த்திகையில் பிசகிய அந்த ஒரு கணக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு மழை. நான் ஒரு கையில் குடை பிடித்து, இன்னொரு கையைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். அவன் எட்டு என்றான், நான் ஒன்பது என்றேன். அரை மணி நேரம் நனைந்துகொண்டு காத்திருந்து இறங்கினோம், எல்லாக் குழியும் வெடித்திருந்தது. என்னடா, காது டமாரமா என்று வேறு கிண்டல் செய்தேன். மறுநாள்தான் அம்மாவுக்கு முடியவில்லை என்று கிளம்பினான். அந்த அம்மா நல்லபடியாக வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார்.

முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தவன் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"ஏன்டா சொல்லல?" என்று மட்டும் கேட்டேன். என் உதட்டையே பார்த்தான்.

"சொன்னா வேற ஆளப் போட்ருவல்ல?" என்றான், தேவைக்கு மேல் சத்தமாக. "அன்னிக்கு மழையில ரொம்ப பயந்துட்டேண்ணா. ஒரு நாளு ஒன்ன சாவடிச்சிருவேன்னு தோணுச்சி. அதான் வந்துட்டேன்."

மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனான். வேறு சட்டை போட்டுக்கொண்டு, பையோடு வந்து நின்றான்.

"எண்ற வேல வாணாண்ணா. குழி போட்றேன். மிஷின் புடிக்கறதுக்குக் காது எதுக்கு? இங்க வெதச்சத பன்னி துன்னுட்டுப் போவுது. அங்கன்னா நா ஒரு ஆளு."

"வெடிக்கு முன்னால விசில் அடிச்சா?" என்றேன்.

"நீ வந்து தட்டேன்."

பச்சையம்மா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் கேட்காதவனுக்குக் குவாரியில் டீ வாங்கிவருகிற வேலைகூட ஆபத்துதான். அது அவனுக்கும் தெரியும். ஆனால் அவனைக் கூட்டிப்போக வந்தவன் நான்தானே, அந்த வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம்தான். ரோட்டுக்குப் போகும் வழியில் சொல்லலாம் என்று நடந்தேன். அவன் முன்னால் நடந்தான், உற்சாகமாக, பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டு. முதுகுக்குப் பின்னால் இருந்து நான் என்ன சொன்னாலும் அவனுக்குக் கேட்காது.

ஜீப் நின்றிருந்தது. நான் முதலில் ஏறினேன். அவன் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு படியில் கால் வைக்க வந்தான். "வேணாம்டா வெள்ளையா" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலியான சீட்டைப் பார்த்தான். கீழே குதித்து இறங்கி அவன் எதிரில் நின்றேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தேன்.

எங்கள் வேலையில் அதற்கு ஒரே அர்த்தம். உயிர்க்குழி கிடக்கிறது, கிட்டே வராதே. அந்தச் சைகையைப் பார்த்தவன் காரணம் கேட்கக் கூடாது, அப்படியே பின்வாங்க வேண்டும். அவன் பின்வாங்கினான். என் கைகளையே பார்த்தபடி, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ரோட்டோரப் புளியமரம் வரைக்கும் போய் நின்றான்.

"இன்னா சார், அவரு வரலியா?" என்றார் டிரைவர்.

"இல்லைங்க" என்றேன். இரண்டு சீட்டுக்கும் காசு கொடுத்தேன். இறக்கம் முழுக்க அழுதுகொண்டு வந்தேன்.

புதூர்நாடு போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பஸ் குறைவு, திருப்பத்தூரில் காலையிலேயே நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பும் ஜீப்புக்கு ஏறும்போதே சொல்லிவையுங்கள். சில்லறை நோட்டு வேண்டும், போனில் பணம் அனுப்ப எல்லா இடத்திலும் சிக்னல் இல்லை. பலா வாங்கினால் காலையில் வாங்குங்கள். புதூர்நாட்டைத் தாண்டி நெல்லிவாசல்நாடு வரை போவதானால் மழை நாளில் இருசக்கர வண்டி வேண்டாம்.

மண் பாதை முடிகிற இடத்தில், சாமைக் கொல்லையில் உயரமான ஒருவரைப் பார்த்தால் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் போய் நின்று மெதுவாகப் பேசுங்கள், வழி சரியாகச் சொல்வார். குவாரியிலிருந்து வர்றீங்களா என்று கேட்பார். ஆமாம் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.