பின்னால் வந்த லொறி

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்கும்போது நீங்கள் உதட்டைச் சுழிப்பீர்கள் என்பதும் தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

நோர்வூட் கடைவீதியில் எனக்குத் தையல் கடை. ஆனால் சுற்றுவட்டத் தோட்டங்களில் ராமையா என்றால் யாரும் தையலைச் சொல்ல மாட்டார்கள், "கதிர்காமத்துக்கு லொறி கட்டிப் போறவரா?" என்றுதான் கேட்பார்கள். ஐம்பதுகளில் வருஷம் தவறாமல் ஆடித் திருவிழாவுக்கு ஆட்களைக் கூட்டிப் போனவன் நான். லொறி பிடிப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, மழைக்கு மேலே படங்கு கட்டுவது, எந்த ஆற்றங்கரையில் சமைப்பது, எந்த மடத்தில் படுப்பது, வாந்தி எடுக்கிறவர்களை எங்கே உட்கார வைப்பது, எல்லாம் என் தலைக்குள் இருக்கும். இதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த வருஷம் இரண்டு லொறி. முன் லொறியைப் பண்டா ஓட்டினான், அட்டன் பக்கத்துச் சிங்களவன், நம்மைப் போலத் தமிழ் பேசுவான். பக்கத்தில் நான். பின் லொறிக்கு என் மச்சான் வீரய்யா பொறுப்பு, அடுப்பு, சட்டி, கேத்தல் எல்லாம் அதில்தான் ஏற்றியிருந்தோம். மலைப்பாதையில் ஒன்றையொன்று தவறவிடாமல் இருக்க நான் ஒரு முறை வைத்திருந்தேன். வளைவில் முன் லொறி ஒரு ஹோன் அடிக்கும், பின் லொறி ஒன்று பதிலுக்கு அடிக்கும். விடாமல் மூன்று அடித்தால் நிறுத்து. நீட்டி அடித்தால் பின்னால் எடு.

மத்தியானம் புறப்பட்டு, தலவாக்கலையில் தேத்தண்ணி குடித்தபோது இரண்டு லொறியும் ஒன்றாகத்தான் நின்றன. வெளிச்சம் இருக்கும்போதே நுவரெலியா போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஊரைத் தாண்டியதும் மழையும் மூடுபனியும் சேர்ந்து பிடித்துக்கொண்டன, நாலு முழத்துக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. நான் பயப்படவில்லை. பண்டா வளைவுக்கு வளைவு ஹோன் அடித்தான், பின்னாலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. எங்கள் லொறியில் பின்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மங்கலாக இரண்டு மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்கள்.

நானுஓயாவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஏற்றத்தில், விடாமல் மூன்று ஹோன் கேட்டது. பண்டா பிரேக்கை மிதித்தான். இந்த மழையில் இவனுக்கு என்ன வந்தது என்று வீரய்யாவை வைதுகொண்டே இறங்கினேன். பண்டா எஞ்சினை நிறுத்திவிட்டு, சில்லு உருளாமல் கல் வைக்க முன்பக்கம் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, இங்க வாங்க. முன்னுக்கு ரோட்டு இல்ல."

உண்மையிலேயே இல்லை. லொறியின் மூக்கிலிருந்து இரண்டு எட்டு, அதற்கப்பால் மண் சரிந்து கீழே பள்ளத்துக்குப் போயிருந்தது. மண் உதிர்கிற சத்தம் அப்போதும் கேட்டது. லொறி நிறையப் பெண்களும் பிள்ளைகளும்.

அதற்குள் மீனாட்சி, கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தவித்துக்கொண்டு வந்தவள், இறங்கிப் போய்ப் பின் லொறியிலிருந்து ஒரு தம்ளரில் சுடச்சுடக் கொத்தமல்லித் தண்ணி வாங்கிக்கொண்டு வந்து ஏறிவிட்டாள். எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டேன். அந்த வளைவில்தான் என்றாள். பின்னால் எடுக்கச் சொல்லி நீட்டி ஹோன் அடிக்கச் சொன்னேன். அதே மாதிரி நீட்டிப் பதில் வந்தது.

நான் டோர்ச்சோடு பின்னால் நடந்து வழி காட்ட, பண்டா அங்குலம் அங்குலமாக லொறியைப் பின்னுக்கு எடுத்தான். வளைவில் யாரும் இல்லை. அதற்கடுத்த வளைவிலும் இல்லை. சேற்றில் எங்கள் டயர்த் தடம் மட்டும்தான் கிடந்தது. ஹோன் கேட்டதும் வீரய்யா லொறியை நல்ல வேகமாக எடுக்கவைத்துவிட்டான்போல என்று நினைத்தேன். அகலமான இடத்தில் லொறியைத் திருப்பி இறங்கினோம். இறங்கினோம், இறங்கினோம், கடைசியில் தலவாக்கலை எல்லைக்கே வந்துவிட்டோம். அங்கே எங்கள் பின் லொறி பொனட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நின்றது. ஆட்கள் படங்குக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சோறே வடித்துவிட்டார்கள்.

வீரய்யா ஓடி வந்தான். "என்னா மச்சான் திரும்பி வர்றீங்க? நீங்க போனதுமே பெட்டரி செத்துருச்சு. கூப்பிடலாம்னா ஹோனும் அடிக்கல."

மலையில் மோதி வந்த எதிரொலி என்று எல்லோரிடமும் சொன்னேன். தான் அடித்தது ஒன்று, திரும்பி வந்தது மூன்று, அது எப்படி எதிரொலி என்று பண்டா மட்டும் கேட்டான். வேறு யாராவது யாத்திரைக்காரர் லொறியாக இருக்கும் என்றேன். அப்படி ஒரு லொறி கீழே வரவில்லை, வந்தால் தங்களைத் தாண்டித்தானே போகவேண்டும் என்றான் வீரய்யா. மீனாட்சியிடம்கூட ஒன்றும் கேட்காமல் பேச்சை அதோடு நிறுத்தினேன். கூட்டிப் போகிறவன் முகம் வாடினால் கூட்டம் கலைந்துவிடும்.

மறுநாள் பூண்டுலோயா வழியாகச் சுற்றிப் போனோம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஒரு குறையும் இல்லாமல் கதிர்காமம் போய்ச் சேர்ந்தோம்.

மாணிக்க கங்கையில் குளித்துக் கரையேறியபோது மீனாட்சி பிள்ளையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கி அந்த லொறியில ஒரு அம்மா உங்ககிட்ட ஒன்னு சொல்லச் சொன்னாங்க. புள்ள காய்ச்சல்ல மறந்தே போயிட்டேன்."

நம் ஆட்கள் யாருமே அதில் இல்லையே, உனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். இருட்டாக இருந்தது, எல்லோரும் தலையில் கம்பளி போட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், வேறு தோட்டத்து ஆட்கள் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

"என்ன சொல்லச் சொன்னாங்க?"

"முன்னால போறவருக்கு வழி தெரியும்தானே, நாங்க ரொம்ப காலமா இந்தப் பாதையிலயே நிக்கிறோம், எங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கன்னாங்கண்ணே."

அதன் பிறகும் பல வருஷம் லொறி கட்டிப் போனேன். அந்தச் சரிவை அடைத்து நல்ல பாதை போட்டார்கள், அதிலேயே எத்தனையோ தடவை போய் வந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்தைக் காட்டி எங்களை நிறுத்தியது யார் என்று நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. யாராக இருந்தாலும் நல்லவர்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு நான் கொடுத்த பதில், பின்னால் போ என்கிற அந்த நீட்டிய ஹோன்தான். அவர்களும் மறுபேச்சில்லாமல் சரி என்று அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.