அக்கா திரும்பி வந்த அடுப்படி

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு விவசாய வீட்டுக்கு நான் வாழப் போனேன். அங்கே எனக்கு முன்பே ஒரு மருமகள் இருந்தாள், என் கணவரின் அண்ணி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கணவர் லாரி ஓட்டிக்கொண்டு பெரும்பாலும் வெளியூரிலேயே இருந்தார்.

எங்கள் அடுப்படிக்கு ஒரே ஒரு சின்ன சன்னல். எரிப்பது முந்திரி விறகு. மழையில் விறகு நனைந்துவிட்டால் முந்திரிக்கொட்டை ஓட்டை அள்ளிப் போடுவோம். அதன் எண்ணெய் கருகி வரும் புகை தொண்டையை அறுக்கும். அக்காவுக்கு ஏற்கெனவே மூச்சிளைப்பு. ஊதுகுழலில் ஒரு முறை ஊதிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள்.

ஒரு ஐப்பசி மழையில் அடுப்புக்கு முன்னாலேயே மயங்கி விழுந்துவிட்டாள். ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "இனிமே இவங்கள புகையில உக்கார வைக்காதீங்க" என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

"அடுப்பு ஊதாம எந்த வூட்ல சோறு வேவுது?" என்றார் மாமனார். அவர் பொல்லாதவர் இல்லை. வேறு வழி அவருக்குத் தெரியவில்லை, எங்களுக்கும்தான். சில நாளில் ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து அக்காவின் தம்பி வந்து அவளை அழைத்துப் போய்விட்டார். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா இருந்தாள்.

வரதராஜன்பேட்டைக்கு ஒரு வேலையாகப் போன என் கணவர் அங்கே ஒரு வீட்டில் சாண எரிவாயு அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். "சாணியக் கரைச்சு ஊத்துனா போதும், அண்ணி மறுபடி இங்க இருக்கலாம்" என்றார். எங்களிடம் மாடுகளுக்குக் குறைவில்லை.

மாமனார் முகத்தைச் சுளித்தார். "சாணியில வர்ற நெருப்புல ஆக்குன சோறா? கட்டுறதுன்னா கட்டுங்க. எனக்கு வேணாம்."

கொல்லையில் கிணறு போல ஒரு குழி வெட்டிச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். அதன்மேல் கவிழ்க்கிற இரும்பு டிரம் டிராக்டரில் வந்து இறங்கியது. அதிலிருந்து அடுப்படியில் வைத்த புது அடுப்புக்குக் குழாய் இழுத்தார்கள். தினமும் சாணத்தைக் கரைத்து ஊற்றினோம். வாயு சேர்ந்தால் மேலே எழும்ப வேண்டிய டிரம் அசையவே இல்லை. ஊரே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. ஒரு காலையில் அது மேலே எழும்பி நின்றது. அடுப்படியில் தீக்குச்சியைக் கிழித்து நீட்டினேன்; குச்சி அணைந்ததே தவிர பற்றவில்லை. "மொதல்ல வர்றது எரியாதாம், தொறந்து வுட்டுரலாம்" என்றார் கணவர். அடுத்த முறை டிரம் எழும்பியபோது அடுப்பு பற்றிக்கொண்டது.

மறுநாளே பஸ் ஏறி அக்காவின் அம்மா வீட்டுக்குப் போனேன்.

"நெருப்பு இருக்குமாம், புகை இருக்காதாமா? என்னைய அழைச்சிட்டுப் போவத்தான சொல்ற?"

"வந்து பாருக்கா. புகை இருந்துச்சுன்னா நானே கொண்டாந்து வுடுறேன்."

வந்தாள். பகல் வெளிச்சத்தில் அந்த நீலத் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. "எங்க எரியுது?" என்று கையை நீட்டியவள் சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அடுப்புக்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஊதுகுழலை எடுத்துப் பரணில் போட்டாள்.

மாமனார் சொன்ன சொல் மாறவில்லை. வாசலில் மூன்று கல்லைக் கூட்டி வைத்துத் தனக்குத் தானே பொங்கிக்கொண்டார். ஆனால் விடிந்ததும் முதல் ஆளாகச் சாணம் கரைப்பது அவர்தான். குழியிலிருந்து வெளியே வரும் கரைசலைத் தன் கத்தரிச் செடிகளுக்கு ஊற்றி, காய்ப்பைப் போவோர் வருவோரிடமெல்லாம் காட்டுவார். அக்கா அதைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அடுத்த வருடம் கார்த்திகையில் விடாத மழை. மாட்டுக்கொட்டகை ஓரத்துக்குக் கல்லை மாற்றி, ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் மாமனார். இருமல் வீட்டுக்குள் வரை கேட்டது. அக்கா கரண்டியை அப்படியே போட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

"மாமா, எந்திரிச்சு உள்ள வாங்க. அந்த இருமல் எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார். அக்கா இலை போட்டுச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறினாள். தலை குனிந்து சாப்பிட்டவர், "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுசோறு வாங்கிக்கொண்டார்.

அக்காவின் இளைப்பு முழுதாக விட்டுவிடவில்லை; பனிக்காலத்தில் வரத்தான் செய்தது. அந்த மாதங்களில் குளிரால் வாயுவும் குறைந்துபோகும். அப்போது மாமனாரின் மூன்று கல்லை வாசலில் கூட்டி, சோற்றுப் பானையை நான் அங்கே தூக்கிக்கொண்டு போய்விடுவேன். குழம்பு மட்டும் உள்ளே, இருக்கிற வாயுவில் அக்கா கையால் கொதிக்கும்.