விளக்கை அணைக்கச் சொன்ன கடிதம்

யுத்த காலத்தில் நான் கடலுக்கு நடுவே, ஒரு பாறைத்திட்டின்மேல் நின்ற வெளிச்சவீட்டில் வேலை பார்த்தேன். குருநகர்ச் சவிரிமுத்து அண்ணைதான் கிழமைக்கு ஒருமுறை படகில் குடிதண்ணீரும் தபாலும் கொண்டுவருவார்.

ஒரு மத்தியானம் அவர் தந்த கடிதத்தைப் பிரித்தேன். யப்பான் விமானங்கள் வரக்கூடும், இன்றிலிருந்து விளக்கேற்றக் கூடாது, அதை ஒருவருக்கும் சொல்லவும் கூடாது என்றிருந்தது.

"என்ன தம்பி, முகம் கறுத்துப் போச்சு? என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை. எண்ணெயைப் பாத்து எரிக்கட்டாம்."

"அவ்வளவுதானே! இண்டைக்கு வலைக்குப் போறன். உன்ரை வெளிச்சத்தைப் பாத்துத்தான் திரும்புவன்."

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். உத்தியோகம் போய்விடும் என்று பயந்தேன்.

விடிந்து எட்டிப் பார்த்தபோது அவருடைய படகு பாறையில் மோதி உடைந்து கிடந்தது. அவரைக் காணவில்லை. விளக்குப் பழுதென்றே ஊரார் நம்பினார்கள்.

அடுத்த மாதம், இரகசியம் காத்ததற்காக மேலிடத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்தவன் சவிரிமுத்து அண்ணையின் தம்பி.

"விளக்குத் திருத்துறதைப் பற்றியோ ஐயா எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

முதல் பொய்யை உத்தரவு சொல்ல வைத்தது. இதை நானாகவே சொன்னேன்.