காலண்டர் அட்டைக்குப் பின்னால்

எங்கள் விளையாட்டில் யாளி உண்டு, மலைப்பேய் உண்டு, விஷம் தடவிய அம்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் பம்மல் வீட்டு மாடியில் நான்கு பேர் பாய் விரித்து உட்காருவோம். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடத்தில் நடப்போம். சண்டை வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டிப் பிழைத்தோமா செத்தோமா என்று பார்ப்போம். தலைக்கு மேல் விமானம் போகும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்வோம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது.

உலகத்தைச் சொல்பவன் என் கணவன். கல்லூரி நாளிலிருந்து 'டா' போட்டுப் பழகியவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரின் அட்டையை மடித்துத் தன் முன்னால் நிறுத்திக்கொள்வான். எதிரிகளுக்காக அவன் உருட்டும் பகடை அதற்குப் பின்னால்தான் விழும். பெரிய எண் விழுந்தால் அடி எங்கள் மேல் படும். இந்தப் பக்கம் எங்களுக்குத் தெரிவது அட்டையில் சிரிக்கும் முருகன் மட்டும். என்ன விழுந்தது என்று அவன் சொல்வதை நம்பவேண்டியதுதான்.

கூட விளையாடுவது இரண்டு பேர். கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழி; அனகாபுத்தூரிலிருந்து பைக்கில் வரும் அவனுடைய நண்பர். அந்த உலகத்தில் நான் தோணிக்காரி. மலையடிவாரத்தில் தாயில்லாமல் கிடந்த ஒரு யாளிக்குட்டியை எடுத்து வளர்த்தேன். ஒருமுறை ஓநாய்க் கூட்டத்தில் மாட்டி அதற்கு ஒரு காது போய்விட்டது. உயிர் தப்பியதும் நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். அது எந்த நிமிடமும் செத்துப்போகலாம் என்று பயந்து பயந்து காப்பாற்றியதால்தான் அது என்னுடையதாக ஆனது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு நான் உண்டானேன். ஒன்பதாம் மாதம் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. பெண் குழந்தை. ஆபரேஷன் மயக்கம் தெளிந்து நான் கேட்பதற்குள் அவன் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் முகம்கூடப் பார்க்கவில்லை. எங்கே, எப்படி என்று கேட்டபோதெல்லாம், "விடுடி, அதையே நினைச்சிட்டு இருக்காத" என்றான்.

வீட்டுக்கு வந்தால் தொட்டில் இல்லை. வாங்கி வைத்த சின்னச் சட்டைகள் இல்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு என்னைத் தவிரத் தெருவே போனது. வளையல் சத்தம் மட்டும் எங்கள் வீடு வரை வந்தது. நான் வந்து நின்றால் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று பேச்சை மாற்றினார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள், தெரியும். ஆனாலும் ஒன்றுமே நடக்காததுபோல ஊரே சேர்ந்து நடித்ததில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் மகள் செத்துப்போனாள் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சில மாதம் கழித்து மறுபடியும் பாய் விரித்தோம். அந்த உலகமே மாறியிருந்தது. ஓநாய்கள் எங்களைக் கண்டதும் ஓடின. மலைப்பேய் வழிகாட்டியது. விஷக் கிணறு என்று நாங்கள் நடுங்கிய கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது. என் யாளிக்குட்டியை நோக்கி எறிந்த எதுவும் அதன் மேல் படவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் நடந்தால்கூட யாராவது இரண்டு பேர் இடிப்பார்கள். அந்தப் பயங்கரக் காட்டில் என்னை இடிக்க ஆளில்லை.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு, கணவாய் ஒன்றில் வேடர்கள் மறைந்திருந்தார்கள். ஒருவன் குட்டியைக் குறிபார்த்து விஷ அம்பை விட்டான். அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டது.

"தப்பிச்சிருச்சு" என்றான் என் கணவன்.

பகடை உருண்டு நிற்பதற்குள் சொல்லிவிட்டான். நான் எட்டி அட்டையைத் தூக்கினேன். பதினெட்டு. அம்பு தைத்து, குட்டி செத்திருக்க வேண்டும்.

"எத்தனை நாளா இப்படி?"

அவன் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டான். நண்பர்தான் சொன்னார். "அவன் மேல கோச்சுக்காத சிஸ்டர். நாங்கதான் சொன்னோம். நீயே நொந்து போயிகீற, இதுல வேற இன்னாத்துக்குன்னு…"

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். ஆக, மூன்று பேரும் கூட்டு. சின்ன வயதில் ஓடிப் பிடித்து விளையாடும்போது, ஓட முடியாத பிள்ளையை அழவிடாமல் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, தொட்டாலும் அவுட் கிடையாது என்று. அந்த இடத்தில் என்னை உட்காரவைத்து மாதக்கணக்காக விளையாடியிருக்கிறார்கள்.

"வெளியில உருட்டு" என்றேன். "எல்லாரும் பாக்குற மாதிரி."

"வேணாம்டி."

"உருட்டுடா! இங்கயாவது நடந்ததை நடந்துச்சுன்னு சொல்லு."

பாயின் நடுவில் உருட்டினான். அது விளிம்பு வரை ஓடிப் போய் நின்றது. பத்தொன்பது.

எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்துப்போச்சுடி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை மாதம் காத்திருந்தேனோ என்னவோ, குரலெடுத்து அழுதேன். அழுது முடித்து, "புதைக்கணும்" என்றேன்.

நண்பர் தன் வாளால் மலையடிவாரத்தில் குழி தோண்டுவதாகச் சொன்னார். தோழி தன் போர்வையைத் தந்தாள். இனி அந்த இடம் எப்படி இருக்கிறது என்று என் கணவன் சொல்ல வேண்டும். அதுதான் அவன் வேலை. அவன் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தான்.

"ஒரு மதில் சுவர். ஓரமா புங்கமரம் ஒண்ணு. சின்னப் புள்ளைங்களுக்குன்னு அந்த மூலையில தனி இடம். முந்தின நாள் மழை, அதனால மண்ணு ஈரமா இருக்கு. தோண்டுறவரு, பூ வாங்கலையா சார்னு கேக்குறாரு. அதுவரைக்கும் வாங்கணும்னு தோணல. மறுபடி வெளிய ஓடி, ஆட்டோக்காரர்கிட்ட பூக்கடை எங்க இருக்குன்னு கேட்டு…"

எங்கள் உலகத்தில் ஆட்டோ கிடையாது. நண்பர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தோழிக்கும் புரிந்துவிட்டது.

"பூ வாங்க ஓடும்போது பாப்பா யார் கையில இருந்தா?" என்று கேட்டேன்.

"என் கையிலதான். அதோடதான் ஓடினேன். திரும்பி வந்ததும், குடுங்க சார், நான் வெக்கிறேன்னாரு தோண்டுறவரு. குடுக்கல. நானே இறங்கி வெச்சேன்."

"முகம்?"

"மூக்கு அப்படியே உன்னோடது. முடி நிறைய இருந்துச்சு."

நான் பார்க்காத அந்த முடியை நினைத்து என் கை தன்னால் மடியைத் தடவியது. அவன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"ஏன்டா இவ்வளவு நாளா சொல்லல?"

"நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்."

"நீ தாங்குனியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.