பச்சை வல்லாரையும் டாக்டரம்மாவும்

செய்தி வந்தபோது நான் வாய்க்காலில் வழுக்கி விழுந்து, வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கரையில் நின்று, "என்ன மாப்ளே, எருமைக்குப் போட்டியா?" என்று சிரித்தார். அதே சிரிப்போடுதான் போனை எடுத்தேன். நம் கால்நடை மருந்தக டாக்டரம்மா மாரடைப்பில் போய்விட்டார் என்றார்கள். அதற்குப் பிறகு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ராசிங்காபுரத்தில் மாடு வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். மாட்டிடம் மெதுவாகவும் மாட்டுக்காரனிடம் சத்தமாகவும் பேசுவார்.

என் செவலைப் பசுவுக்குத் தாடைக்குக் கீழே பை போல வீங்கித் தொங்கியது. பத்தாம் வகுப்பு வரை படித்த தைரியத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து நானே பற்றுப் போட்டேன். பசு இளைத்துக்கொண்டே போனது. "நோவு ஈரல்ல இருக்குண்ணே. நீங்க தாடைக்குப் பவுடர் போட்டு விட்டிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

ஈரலில் தட்டைப்புழு. "சாணியில முட்டை போகும். தண்ணியில பொரிச்சு நத்தைக்குள்ள குடியேறும். அங்க பெருகி வெளிய வந்து, கரையோர இலையில ஒட்டிக்கிட்டு, எவனாச்சும் திங்கட்டும்னு உக்காந்திருக்கும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அடடா! மாடு மேயுற வாய்க்காக் கரையில வளர்ற வல்லாரையத்தான் என் மகளுக்குப் பறிச்சுக் குடுக்கிறேன். பிளஸ் டூ பரீட்சை வருதுல்ல" என்றேன்.

கை கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வேக வச்சா?"

"பச்சையா. வெறும் வயித்துல. அப்பத்தான ஞாபகம் நிக்கும்?"

"அந்தப் புழுவுக்கு மாடு, மனுசன்னு பாகுபாடு கிடையாதுண்ணே. பாப்பாவுக்குக் காய்ச்சல் உண்டா? வலப்பக்கம் வலிக்குதுன்னு சொல்லுதா?"

இரண்டும் இருந்தன. பரீட்சைப் பயம் என்று விட்டிருந்தோம்.

"வெரசா கெளம்புங்க" என்று தேனி ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார். அங்கிருந்த மருத்துவரிடம் பசு, நத்தை, வல்லாரை என்று விளக்கமாகச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அதுக்குள்ள சாமிக்குக் கெடா வெட்டிராதீங்க. வெளிய தெரிய மாசக்கணக்காகும். மறுபடி பார்ப்போம், நானும் வர்றேன்" என்றார்.

சொன்னபடியே போன வாரமும் வந்தார். ரத்தமும் மலமும் சோதனைக்குக் கொடுத்தோம். பயந்து போயிருந்த மகளிடம், "ஒங்கப்பா மூஞ்சியப் பாக்காத ஆத்தா, இல்லாத நோவெல்லாம் வந்துரும்" என்று சிரிக்க வைத்தார்.

அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு கேள்விதான். இப்போது எந்தக் கீரையைக் கண்டாலும் "வேக வச்சா?" என்று கேட்கிறேன். கொத்தமல்லியைக்கூட அவிக்கச் சொல்வதாக என் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

துக்க வீட்டில் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா எப்படி இருக்கு? வீட்டுல அவளுக்கு அதே பேச்சுதான்."

"நல்லா இருக்கா சார்" என்றேன்.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை என்பதையும், அதை வாங்கத் தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லவில்லை.