மஞ்சள் ரோஜாவும் பியூலா மேடம் படித்த தாளும்

முந்தாநாள் காலை மேனேஜர் போன் செய்தார். "நம்ம பியூலா போய்ட்டாங்கப்பா, ஹார்ட் அட்டாக்காம்" என்றவர், அடுத்த மூச்சிலேயே, "மரியாதைக்கு எந்தக் கலர் பொக்கே? நீதானே சார்ட் போட்ட?" என்று கேட்டார். நானும் உடனே "வெள்ளை சார்" என்று பதில் சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பியூலா மேடம் ஆம்பூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஷூ கம்பெனியின் வரவேற்பில் பல ஆண்டுகள் இருந்தவர். கம்பெனி சார்பில் பொக்கே வாங்குவதும் கொடுப்பதும் அவர் வேலை. ஆபீஸ் கிளார்க்கான நான், நெட்டில் பார்த்து, சிவப்பு அன்புக்கு, வெள்ளை தூய்மைக்கு, மஞ்சள் சீக்கிரம் குணமாக என்று ஒரு பட்டியல் அடித்து, லேமினேட் செய்து அவர் மேசையருகே ஒட்டினேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, "வாங்குறவங்களுக்கு இன்னா புடிக்கும்னு இதுல எங்க சார் போட்டிருக்கு?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

என் பட்டியலை நம்பி, ஷூ ஆர்டர் கொடுக்க வந்த ஓர் இத்தாலிக்காரருக்கு வெள்ளைச் சாமந்தி கொடுக்கவைத்தேன். மனிதரின் முகம் சுருங்கியது. அவர் ஊரில் அது கல்லறைப் பூவாம். பியூலா மேடம் பதறவில்லை. "எங்க ஊர்ல இத கல்யாணத்துக்கே வைப்போம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, பூவைத் திரும்ப வாங்கிக்கொண்டு டீ வரவழைத்தார். இத்தாலிக்காரர் சிரித்துவிட்டார். பழி என் தலையில் விழவில்லை.

பிறகு சாந்தியின் விபத்து. ஆலங்காயத்திலிருந்து வேலைக்கு வரும் பெண். பாதுகாப்பு மூடி உடைந்து கிடந்த கட்டிங் மெஷினில் வலது கையின் மூன்று விரல்கள் போயின. மேனேஜர் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பியூலா மேடத்தின் கையில் மஞ்சள் ரோஜா பொக்கே. என் கையில் ஒரு தாளும் ஸ்டாம்ப் பேடும். செல்போனில் பேசிக்கொண்டே வேலை செய்தது தன் தவறு, கம்பெனி பொறுப்பல்ல என்று தாளில் இருந்தது. வலது கையால் எழுத முடியாதாம், அதனால் இடது கைப் பெருவிரல் ரேகை போதுமாம். பூவைக் கொடுத்து, மனம் இளகியதும் ரேகையை வாங்கிவர வேண்டும். இவ்வளவு கேவலமான வேலைக்கு நான் முகம் கழுவி, தலை சீவிப் போனேன்.

"எனக்கா மேடம்?" என்று சாந்தி பூவைப் பார்த்துப் பூரித்தார். நான் ஸ்டாம்ப் பேடைத் திறந்து நீட்டினேன். அவரும் விரலை நீட்டினார். பியூலா மேடம் என்னிடமிருந்து தாளைப் பிடுங்கி, வார்டுக்கே கேட்கும்படி படித்தார்.

"நீ போன் பேசிக்கினா இருந்த?"

"இல்ல மேடம். மூடி ஒடஞ்சிருக்குன்னு சூப்பர்வைசராண்ட சொன்னனே."

"அப்ப வெக்காத. வெச்சா உனக்கு வேலயும் இல்ல, கேஸும் இல்ல."

சாந்தி வைக்கவில்லை. இன்றும் கம்பெனி ஸ்டோரில் வேலையில் இருக்கிறார். பியூலா மேடத்தைத்தான் மறுவாரமே பசை ஒட்டும் பிரிவுக்குத் தள்ளினார்கள். "ரொம்ப பேஜாரா இருக்கா மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன். "அந்த பொக்கேய தூக்கினு போனத வுட இங்க நாத்தம் கம்மிதான் சார்" என்றார்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் மேனேஜர் வெள்ளைப் பூக்களை வைத்துவிட்டு, போட்டோவுக்கு நிமிர்ந்து நின்றார். ரிப்பனில் கம்பெனி பெயர் பெரிதாகவும் மேடத்தின் பெயர் பொடியாகவும் இருந்தது. மேடத்தின் மகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாந்தி இடது கையால் மண் அள்ளிப் போட்டார். கையைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தாளு உங்க கையிலதானே சார் இருந்துச்சு? நீங்க ஏன் படிக்கல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பயந்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் நான் சொல்லவில்லை.

போய் வாருங்கள், பியூலா மேடம்.