தட்டு சுற்றிய பேப்பர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் ஷார்ஜாவில் சொந்தமாகக் கார்கோ கடை போட்டவன். நான் கட்டி ஊருக்கு அனுப்பிய பெட்டியில் ஒரு தட்டுகூட உடைந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமுமில்லை.

2005 வாக்கில் ஷார்ஜாவின் முவைலா பகுதியில் ஓர் உயிரியல் வாத்தியார் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பினார். ஒல்லியான மனிதர். எந்தத் தாளைத் தொடுமுன்பும் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். சாமான் கட்டப் போனபோது மேசைமேல் குரங்குப் பொம்மை ஒன்று இருந்தது.

"பிள்ளைக்கா சார்?"

"இல்ல அண்ணாச்சி. மனுஷனும் குரங்கும் ஒரே வம்சம்னு பாடம் நடத்துனதுக்காக எண்பது வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஒரு வாத்தியாரைக் கோர்ட்ல நிறுத்துனாங்க. அப்ப அந்த ஊர்க் கடையில வித்தது. அந்தக் கேஸ் சம்பந்தமா கிடைச்சதையெல்லாம் இருபது வருஷமா சேர்க்கிறேன்."

"பொம்மைக்கா இருபது வருஷம்?" என்று சிரித்தேன்.

விசா கேன்சலுக்குக் கையெழுத்துப் போட அவர் வெளியே போனார். கட்டிலில் பழைய இங்கிலீஷ் பேப்பர்கள் விரித்துக் கிடந்தன. வழக்கம்போலக் கசக்கித் தட்டுகளைச் சுற்றிப் பெட்டியை முடித்தேன்.

திரும்பி வந்தவர் கட்டிலைப் பார்த்தார். "அந்தக் கேஸ் பேப்பரெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"தட்டு சுத்தியாச்சு சார். பழசுதானே?"

பெட்டியைப் பிரித்து ஒரு தாளை எடுத்து நீவினார். மடிப்புக்கு மடிப்பு அது உதிர்ந்தது. அன்று அவர் கை கழுவவில்லை.

"அப்படியே கட்டிருங்க" என்றார்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். "ஒரு தட்டுகூட உடையலை அண்ணாச்சி."

எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.